ஒரு வருஷக் கணக்கு

கதை எழுத வருவதற்கு முன்னால் நான் ஒரே ஒரு வருஷம் காமிராவை வைத்துக்கொண்டு பிழைத்தேன். அது 2004ஆம் வருஷம். எனக்கு அப்போது 22 வயது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. தஞ்சாவூரில் ஒரு தினசரியின் கிளை ஆபீஸில் பயிற்சிப் புகைப்படக்காரன் என்று வேலை. வருஷம் முடிந்ததும், 'இந்த ஓராண்டில் தாங்கள் அடைந்த முன்னேற்றம்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெரிய பத்திரிகைகளுக்கெல்லாம் டிஜிட்டல் காமிரா வந்துவிட்டிருந்தது. எங்கள் கிளைக்கு வரவில்லை. 36 படம் கொண்ட பிலிம் ரோலை நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எந்தப் படம் எதற்காக என்று கணக்கும் ஒப்பிக்க வேண்டும். ஜனவரியில் திருவையாற்று ஆராதனைக்குப் போய், பஞ்சரத்னக் கீர்த்தனை பாடும் வித்துவான்களாகவே ஒரு ரோலைத் தீர்த்துவிட்டு வந்தேன். எங்கள் மூத்த புகைப்படக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, பாட்டுக்கு வாயைத் திறக்கணும். படத்திலே திறந்தா அது கொட்டாவி" என்றார். ஒன்றுகூட அச்சாகவில்லை.

மார்ச் 6ஆம் தேதி கும்பகோணத்தில் மகாமகம் வந்தது. 1992 மகாமகத்தில் நெரிசலில் சிக்கிப் பலர் இறந்த நினைவு ஊருக்கு இருந்ததால் ஏகக் கெடுபிடி. குளத்தின் தென்கரையில் ஒரு மாடி வீட்டுக்காரரைக் கெஞ்சி மேலே ஏறி நின்று எடுத்தேன். பதினாறு மண்டபங்களும், நடுவே தண்ணீர் தெரியாதபடி கடுகைக் கொட்டினாற்போல் தலைகளும். முதல் பக்கத்தில், என் பெயரோடு வந்தது. அம்மா அதைக் கத்தரித்துப் பூஜை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

ஜூலை 16ஆம் தேதி மறுபடியும் அதே ஊருக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் கண்டதை எழுத எனக்கு இன்றும் இஷ்டமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சட்டைப் பையில் பஸ் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. நான் இரண்டு அடி நெருங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எடுத்தேன்.

'நல்ல படம்' என்று தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. முந்நூறு ரூபாய் சன்மானமும் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன். முன்னேற்றம் என்பது இதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன், பொய் சொல்வானேன்?

ஒரு மாதம் கழித்து அவர் எங்கள் ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"தம்பி, மகாமகத்துக்கும் நீங்கதான் படம் எடுத்தீங்களாமே?"

"ஆமாம், ஐயா."

"நாங்க வடகரையிலே நின்னோம். பையன் என் தோள் மேலே இருந்தான். மஞ்சச் சட்டை. அதிலே இருப்பானா, கொஞ்சம் பாருங்களேன். கைக்குழந்தையா இருக்கையிலே எடுத்த படம் ஒண்ணுதான் வீட்டிலே இருக்கு. பெரியவனானப்புறம் எடுக்கவே இல்லை."

பெரியவன் என்றால் எட்டு வயது.

பெரிதாகப் போட்ட பிரதி ஒன்றை மேஜைமேல் விரித்தேன். பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். வடகரையில் மட்டும் எத்தனை ஆயிரம் தலைகள்! ஒன்றுக்கும் முகம் இல்லை. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு தூரத்தில் நின்று எடுத்த படத்தில் முகம் எங்கிருந்து வரும்? அவர் முக்கால் மணி நேரம் குனிந்தே இருந்தார். நான் இரண்டு தடவை தேநீர் வரவழைத்தேன், இரண்டும் ஆறிப்போயின. கடைசியில், "இதோ" என்றார். மண்டபத்துத் தூணை ஒட்டி ஒரு மஞ்சள் புள்ளி. சட்டையாக இருக்கலாம். துணிப்பையாகவும் இருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார். 'ஆமாம்' என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்தேன். மணல் மணலாக, நடுவே மஞ்சளாய் ஒரு கலங்கல். "எவ்வளவு ஆச்சு தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போனார்.

அதன் பிறகு யார் முன்னால் காமிராவைத் தூக்கினாலும் என் கை ஒரு கணம் தயங்கும். இந்தத் தொழிலில் அந்த ஒரு கணம் பெரிய நஷ்டம். சில நல்ல படங்கள் தப்பிப்போயின. மூத்தவர் கடிந்துகொண்டார், நியாயந்தான்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கரைப்பேட்டைப் பக்கம் படகுகள் சாலையில் கிடந்தன. குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள். பத்திரிகைக்கு வேண்டியதை முதல் இரண்டு நாளில் எடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள், ஜனங்கள் தங்கியிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில், கிழவி ஒருத்தி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "வீட்டிலே இருந்த படமெல்லாம் தண்ணியோட போச்சு, அய்யா. இதை ஒண்ணு எடுத்துக் குடு" என்றாள். எடுத்தேன். அவள் பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அழுதுகொண்டு நிற்கவில்லை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நேராகப் பார்த்தார்கள். ரோல் தீரும் வரையில் எடுத்தேன். விலாசங்களையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அதே நாட்களில், அங்கிருந்து வடக்கே கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த ஒரு படம் உலகத்திலேயே சிறந்த பத்திரிகைப் படமாக மறு வருஷம் தேர்வாயிற்று. மணலில் கவிழ்ந்து கைகளை விரித்து அழுகிறாள் ஒரு பெண். இறந்துபோனவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு படம் வேண்டும். அதில்லாவிட்டால் டில்லிக்கும் லண்டனுக்கும் கடலூர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திராது. ஆனாலும் எனக்குக் கிழவியின் நினைவுதான் வந்தது.

ஜனவரியில் கணக்குக் கேட்டார்கள். "ஒரு ரோல் பூரா முகமா இருக்கே, எதுக்கு?" என்றார் மானேஜர். "கேட்டாங்க, சார்" என்றேன். ரோல் விலையையும் பிரதி போட்ட செலவையும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். முன்னேற்றம் பற்றிய பக்கத்தை நாலு ராத்திரி எழுதி எழுதிக் கிழித்தேன். எழுத உட்கார்ந்தால் மஞ்சள் சட்டையில் தொடங்கி, பக்கம் பக்கமாக எங்கெங்கோ போயிற்று. கடைசியில், 'காமிரா நன்றாகப் பழகிவிட்டது. இனி பிலிமை வீணாக்க மாட்டேன்' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். வேலை நிரந்தரமாயிற்று. ஏப்ரலில் நானே விட்டுவிட்டேன்.

நாகப்பட்டினத்துப் பிரதிகளைத் தபாலில் அனுப்பியிருந்தேன். 36 உறைகளில் ஐந்து, 'விலாசதாரர் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. ஜனங்களை அதற்குள் வேறு கொட்டகைகளுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு முறை நேரில் போய் விசாரித்தேன். அந்த ஐந்தும் இன்னும் என் மேஜை அறையில்தான் இருக்கின்றன. ஒன்றில் அந்தப் பேத்தி இருக்கிறாள்.