புதுச்சேரி மதில்களும் பூங்கொடியும்

புதுச்சேரிக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடலை அடுத்துப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்களில் அரை நாழிகையேனும் நடந்து பார்த்தவர்களுக்கே அவ்வூரின் சோபை விளங்கும். மஞ்சள் பூசிய உயர்ந்த மதில்கள். அவற்றின்மேல் செக்கச் செவேலென்று கவிழ்ந்து கிடக்கும் போகன்வில்லாக் கொடி! தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி அது. 1767-ஆம் ஆண்டில் பிரேஸிலில் அதைக் கண்டவர் கொம்மெர்ஸோன் என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி. அவர் சென்ற கடற்பயணத்தின் தலைவர் பூகன்வில்லின் பெயரே கொடிக்கு வழங்கலாயிற்று. நம் ஜனங்கள் தொட்டுப் பார்த்துக் 'காகிதப்பூ' என்றார்கள். இதுவே பொருத்தமான பெயர் என்பது என் அபிப்பிராயம். வர்ணம் காட்டுவன இதழ்களல்ல, பூவைச் சூழ்ந்த இலைகளே. உண்மைப் பூ நடுவில் சிறியதாய் ஒளிந்திருக்கிறது.

நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் மிகுதியானால் இலை தழைக்குமேயன்றிப் பூ குறையும். ஆனால் மணமில்லை; முள்ளோ உண்டு. ஆகவே மதிலோடு அதை நிறுத்துவதே உத்தமம். குழந்தைகள் ஓடியாடும் வாயிற்புறத்தில், பாட்டி வைத்த முல்லையைக் களைந்துவிட்டு இதை நடுவது என்ன நாகரிகமோ! நாலு மூங்கிற் கால் நட்டுப் பந்தலிட்டால் போதும்; அந்திப் பொழுதில் முல்லையின் மணம் தெருவில் போகிறவருக்கும் எட்டும், வீட்டுப் பெண்களுக்கு ஒரு முழம் சரமும் கிடைக்கும்.