செவ்வாய்க்கு ஒருவர், வெள்ளிக்கு ஒருவர்

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பாலில் திங்கட்கிழமை பெரும்பாலும் ஓய்வு. மற்ற ஆறு நாளும் ஆட்டம் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைக்க ஒவ்வோர் அணியும் ஆறு பிட்சர்களை வரிசையாக வைத்திருக்கும். ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. அமெரிக்காவில் ஐந்து பேரை வைத்தே சுற்றுவது வழக்கம் என்பதால் அங்கே கிழமை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஆளும் கிழமையும் ஒட்டிக்கொள்கின்றன. ஒசாகா, கோபே பக்கத்து ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள் முராகாமி ஷோகியைச் செவ்வாயோடும் ஓட்டாகே கோட்டாரோவைச் சனியோடும் சேர்த்தே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டைகர்ஸ் ஆடும் சென்ட்ரல் லீகில் 2012 முதல், மறுநாள் தொடங்கப்போகிற பிட்சரின் பெயரை முந்தின நாளே அறிவித்துவிடுகிறார்கள். ஆகவே ஒருநாள் ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த நாள் ஆட்டத்தைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும்.

2023 மே மாதம் அப்படி ஒரு வாக்குவாதத்தின் நடுவே போய் உட்கார்ந்தேன். கோபேயில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோஷியென் மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த சின்னக் கடைக்கு அழைத்துப் போனான். ஒகோனோமியாகி கடை. மேசையோடு பதித்த இரும்புக் கல். அதன்மேல் முட்டைக்கோஸும் மாவும் கலந்த கனத்த அடை வெந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா அதை இரண்டு கரண்டிகளால் ஒரே வீச்சில் புரட்டிப்போட்டு, கறுப்புச் சாஸைத் தடவினார். சாஸ் கல்லில் வழிந்து பொரியும்போது கடை முழுக்க இனிப்பும் கருகலுமாய் ஒரு வாசனை. சுவரில் மஞ்சள், கறுப்புக் கொடி. அடுக்கி வைத்திருந்த டெய்லி ஸ்போர்ட்ஸ் பத்திரிகைகளில் எதை எடுத்தாலும் முதல் பக்கம் டைகர்ஸ்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தப் பத்திரிகைக்கு அதுவே தலைப்புச் செய்தி.

அன்று தோற்றிருந்தார்கள். தொடங்கியவர் அவோயாகி கோயோ. கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசுகிறவர். 2021, 2022 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீகிலேயே அதிக வெற்றி பெற்ற பிட்சர். ஒவ்வோர் ஆண்டும் 13. 2023 பருவத்தின் முதல் ஆட்டத்தையும் அவர்தான் தொடங்கினார். அப்படிப்பட்டவருக்கு அந்த வசந்தத்தில் பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை அடி விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த மேசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், கட்டம் போட்ட நோட்டில் அன்றைய ஆட்டத்தைப் பந்து பந்தாகக் குறித்து வைத்திருந்தார். அவோயாகியை இரண்டாம் அணிக்கு இறக்க வேண்டும் என்றார் கடைக்கார அம்மா. கூடாது என்றார் பெரியவர். நண்பன் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

"இவரைக் கீழே அனுப்பினா வெள்ளிக்கிழமைக்கு யாரு வருவான்னு பெரியவர் கேக்குறார்டா. யாரையாவது ஒருநாள் முன்னாடி இழுத்தா அவரோட ஓய்வு குறையும். அப்புறம் ஆறு பேருக்கும் நாள் கலையும்ங்கிறார்."

எனக்கு அந்தப் பேச்சில் பிடித்துப்போனது இதுதான். தோற்றவரைத் திட்டுவது எங்கும் உண்டு. இவர்கள் அதைத் தாண்டி, ஒருவர் விலகினால் மற்ற ஐந்து பேரின் தோளுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரு பருவத்துக்கு 143 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம்வரை இழுக்கும். மே மாதத்தில் ஒருவரை அவசரத்துக்கு இரண்டு முறை பயன்படுத்தினால் அதன் வலி செப்டம்பரில் தெரியும். அதை அந்த அம்மாவும் பெரியவரும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பேச்சு முராகாமி பக்கம் திரும்பியது. கோஷியெனிலிருந்து மேற்கே கோபேயைத் தாண்டினால் கடலுக்குள் அவாஜித் தீவு. முராகாமி அங்கே பிறந்தவர்; அணியின் முதல் பேட்டர் சிகமோட்டோ கோஜியும் அதே தீவுக்காரர். முராகாமி 2020 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டு, முதன்மை அணியில் ஒரு வெற்றிகூட இல்லாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர். 2023 ஏப்ரல் 12 அன்று டோக்கியோ டோமில் ஜயண்ட்ஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் வீசினார். எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. வீசியது 84 பந்து. டைகர்ஸ் ஒரு ரன் முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் பேட் பிடிக்க அவர் முறை வந்தபோது, மேலாளர் ஒகாடா அகினோபு அவரை உட்கார வைத்துவிட்டு வேறொருவரை அனுப்பினார். அடுத்து வந்த பிட்சரின் பந்தில் ஜயண்ட்ஸின் ஒகாமோட்டோ ஹோம்ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பத்தாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் எப்படியோ ஜெயித்தது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கக்கூடிய அந்த முழுமையான ஆட்டம் முராகாமிக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு மாதம் கடந்தும் அந்த 84 பந்து அந்தக் கடையில் ஆறவில்லை. அப்போது சென்ட்ரல் லீகில் பிட்சரும் பேட் பிடித்தாக வேண்டும், வழக்கமாக ஒன்பதாவது இடத்தில். ஆகவே பிட்சரை எப்போது மாற்றுவது என்பதும், ஒரு ரன் கூடுதலாகச் சேர்க்கப் பார்ப்பதா வேண்டாமா என்பதும் ஒரே முடிச்சு. பையனை விட்டிருக்க வேண்டும் என்றார் அம்மா. பருவத்தில் அவன் முதல்முறையாகத் தொடங்கிய ஆட்டம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றார் பெரியவர். நான் மனதுக்குள் பெரியவர் பக்கம் இருந்தேன், இப்போதும் அப்படித்தான். அந்த ஆட்டத்துக்குப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று சுனிச்சி டிராகன்ஸுக்கு எதிராக, ஒரு ரன்னும் கொடுக்காமல் ஆட்டம் முழுவதையும் தானே வீசி, முராகாமி தன் முதல் வெற்றியைப் பெற்றிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை கோஷியெனுக்கே ஆட்டம் பார்க்கப் போனோம். கோஷியென் மைதானம் 1924இல் திறக்கப்பட்டது. ஒசாகா உமேடாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் கால் மணி நேரம். மைதானமும் அணியும் அந்த ரயில் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெரியவர் ரயில் நிலையத்தில் காத்திருந்து எங்களைக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது மண். உள்வட்டம் முழுக்கக் கருமண்ணும் மணலும் கலந்த தரை. ஆட்டத்துக்கு நடுவே பணியாளர்கள் ஓடி வந்து, ஓடுகிறவர்களின் காலடி பட்ட ஒவ்வொரு குழியையும் இழுத்து மட்டப்படுத்தினார்கள். சின்ன வேலைதான், ஆனால் மூன்றாம் பேஸருகே ஒருவர் குனிந்து கையாலேயே ஒரு கட்டியை உடைத்துப் பரப்பியதைப் பார்த்தபோது அந்த மைதானத்தின்மேல் எனக்கும் பாசம் வந்துவிட்டது.

பெரியவர் முதலில் காட்டியது கொடிக்கம்பத்தை. கடல் பக்கமிருந்து வரும் காற்று வலது புறமிருந்து இடது புறமாக வீசுகிறது. இடதுகை பேட்டர் வலது பக்கம் தூக்கி அடிக்கும் பந்தை அந்தக் காற்று பிடித்து நிறுத்திவிடும். வேலியை உள்ளே தள்ளி வைத்துக் கட்டிய குறுக்குப் பகுதியையும் 1991 பருவம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். டைகர்ஸின் சாட்டோ தெருஅகி போன்ற இடதுகைப் பலசாலிக்கு இதைவிடக் கஷ்டமான சொந்த மைதானம் ஜப்பானில் இருக்குமா என்று தெரியவில்லை என்றார். ஹோம்ரனை நம்பி இங்கே அணி கட்ட முடியாது. அதனால்தான் பேட்டிங் வரிசையைப் பற்றி இவ்வளவு பேச்சு.

ஒகாடா 2022 இலையுதிர் காலத்தில் மீண்டும் பொறுப்பேற்றதும் முதலில் செய்தது ஆளை ஓரிடத்தில் நிறுத்துவது. அதற்கு முன்பு வெவ்வேறு இடங்களில் ஆடிக்கொண்டிருந்த ஓயாமா யூசுகே இனி முதல் பேஸ், நான்காவது பேட்டர். சாட்டோ மூன்றாம் பேஸ். முதலிரண்டு இடம் சிகமோட்டோவும் நக்கானோவும். ஓயாமா அந்தப் பருவத்தின் 143 ஆட்டத்திலும் நான்காவதாகவே தொடங்கினார். அடுத்தது வாக். நான்கு தவறான பந்துகளைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்து போவதற்கும் சம்பள மதிப்பீட்டில் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்று ஒகாடா நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றார். 2022இல் 358ஆக இருந்த அணியின் வாக் எண்ணிக்கை 2023இல் 494 ஆனது. ஹோம்ரன் கூடவில்லை, எடுத்த ரன்கள் 555, லீகிலேயே அதிகம்.

இதை எண்ணாகப் படிப்பது வேறு, அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்பது வேறு. ஒவ்வொரு பேட்டருக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. டிரம்பெட்டும் மேளமும் நிற்காது. ஓயாமா தாழ்ந்து போன ஒரு பந்தைத் தொடாமல் விட்டார். என் முன்வரிசைப் பெண்கள் கைகளை உயர்த்திக் கத்தினார்கள். அடுத்த பந்தையும் விட்டார். சத்தம் இன்னும் கூடியது. பேட்டை அசைக்காமல் நிற்பவருக்கு அப்படியொரு ஆரவாரம் எழுந்ததை நான் எந்த விளையாட்டிலும் கேட்டதில்லை.

பெரியவருக்குப் பிடித்த பேட்டர் எட்டாவது ஆள், கினாமி செய்யா. பிட்சருக்கு முன்னால் வரும் இந்த இடத்தைச் சொத்தை இடம் என்பார்கள். எட்டாமவரை ஒதுக்கிவிட்டு ஒன்பதாவதாக வரும் பிட்சரை வீழ்த்துவது எதிரணிக்குச் சுலபம். ஆனால் இரண்டு பேர் ஆட்டமிழந்த பிறகு எட்டாமவர் எப்படியாவது பேஸுக்குப் போய்விட்டால், பிட்சர் தன் முறையை அந்த இன்னிங்ஸிலேயே முடித்துவிடுவார். அடுத்த இன்னிங்ஸ் சிகமோட்டோவிலிருந்து புதிதாகத் தொடங்கும். ரன் வராவிட்டாலும் அது வேலைதான். பெரியவரின் நோட்டில் கினாமி அப்படிச் செய்த இடங்களிலெல்லாம் சிவப்புப் பென்சிலில் ஒரு சின்ன வட்டம்.

அன்று தொடங்கியவர் இடதுகை ஓட்டாகே. சாஃப்ட்பேங்க் அணியில் வாய்ப்பில்லாமல் கிடந்தவர். அப்படி முடங்கியிருக்கும் வீரர்களை அணிகள் மாற்றிக்கொள்ள 2022 டிசம்பரில் முதல்முறையாக ஒரு டிராஃப்ட் நடந்தபோது டைகர்ஸுக்கு வந்தார். அவருடைய பலம் வேகத்தில் இல்லை. ஒரு பந்து மெல்ல வளைந்து, எப்போது வந்து சேருமோ என்பதுபோல மிதந்து போகும். அதற்காகக் காத்திருந்து தளர்ந்த பேட்டருக்கு அடுத்த சாதாரணப் பந்தே மின்னலாகத் தெரியும். சிவப்புத் தொப்பி அணிந்த ஹிரோஷிமா பேட்டர்கள் கால் முன்னே போன பிறகு கையை நிறுத்த முடியாமல் திணறுவது எங்கள் இருக்கையிலிருந்தே தெரிந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது ஓட்டாகேயின் கணக்கு 12 வெற்றி, 2 தோல்வி. ஓர் அணியில் வேண்டாதவராக இருந்தவர் இன்னோர் அணியின் சனிக்கிழமை ஆகிவிட்டார்.

கோஷியெனில் திறந்த நாளிலிருந்து விற்கிற கறி சோறு உண்டு. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பன் கைபேசியைக் காட்டினான். அவோயாகியை இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள். பெரியவர் கரண்டியை வைத்துவிட்டு, நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து ஆறு கிழமைகளையும் எழுதி, வெள்ளிக்கு நேரே இருந்த பெயரை மட்டும் அழித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சென்னையிலிருந்து பார்த்தேன். செப்டம்பர் 14 அன்று கோஷியெனிலேயே ஜயண்ட்ஸை வென்று, 2005க்குப் பிறகு முதல்முறையாக லீக் பட்டம். முராகாமிக்குப் புதுமுக விருது, லீகின் சிறந்த வீரர் விருது இரண்டும். அக்டோபர் கடைசியில் ஒசாகா அணியான ஓரிக்ஸோடு ஜப்பான் சீரீஸ் தொடங்கியது. ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம், நவம்பர் 5. டைகர்ஸ் அதுவரை ஜப்பான் சாம்பியன் ஆனது 1985இல் ஒரே முறை. அந்த அணியில் பாஸ், ககேஃபு இருவருக்கும் அடுத்து ஐந்தாவதாக பேட் பிடித்தவர் இதே ஒகாடா. முப்பத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பைத் தீர்க்க வேண்டிய அந்த ஆட்டத்தைத் தொடங்க, சீரீஸில் அதுவரை வீசாத அவோயாகியின் பெயரை அறிவித்தார்.

ஐந்தாவது இன்னிங்ஸின் நடுவே வெளியே வரும்வரை அவோயாகி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. டைகர்ஸ் 7-1 என்று ஜெயித்தது.

நண்பன் மறுநாள் பேசினான். கடையில் இரவு முழுக்கக் கூட்டமாம், பெரியவர் அழுதுவிட்டாராம். அம்மா மட்டும் மே மாதம் கீழே அனுப்பியதால்தான் அவோயாகியின் கை நவம்பருக்குத் தேறியது என்று சொல்ல, பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுத்திருக்கிறார். அடுத்து 2024 பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு யார் என்று தொடங்கிவிட்டார்கள். அம்மா முராகாமி என்றார். பெரியவர் அவோயாகி.

ஒகாடா அவோயாகியைத்தான் அனுப்பினார். டோக்கியோ டோமில் ஜயண்ட்ஸிடம் 0-4 என்று தோற்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. இரவு நண்பனின் அழைப்பு வந்தபோது பின்னால் சாஸ் பொரியும் சத்தமும் அந்த அம்மாவின் குரலும் கேட்டன. இன்னும் 142 ஆட்டம் இருக்கிறது, நாளைக்கு யார் என்று கேட்டார் பெரியவர்.