பன்னிரண்டாவது படம்

ஆவடி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சரித்திரம் படித்தவர்கள் 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள். சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மற்றவர்கள் டாங்கி தொழிற்சாலை என்பார்கள். 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது அங்கிருந்துதான். எனக்கோ ஆவடி என்றால் ஒரு பலகைதான் ஞாபகம் வரும். "படம் எடுக்கத் தடை" என்று எழுதிய பலகை!

சிரிக்காதீர்கள். எனக்குப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம். 1967-ல் கல்யாணமாகி, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்தபோது, என் பெட்டியில் பட்டுப் புடவைக்கு நடுவே அப்பா வாங்கிக் கொடுத்த 'ஆக்ஃபா கிளிக் 3' கேமரா இருந்தது. பரோடாவில் தயாரானது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. பின்பக்கம் சின்னச் சிவப்பு ஜன்னல். அதில் நம்பர் தெரியும்வரை திருகணும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம்.

ராணுவத் தளவாடம் செய்கிற இடமாயிற்றே, ஊரின் பெருமையை நான் படம் பிடிக்க முடியாது. அதனால் என் கேமரா வீட்டுப் பக்கமே திரும்பியது. வாசல் கோலம், குழாயடி, பையனின் முதல் நடை, ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரிக்கரை. "பொம்பளைக்கு எதுக்குங்க கேமரா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா, டெல்லியில் புடவை கட்டிக்கொண்டே நேருவையும் மவுண்ட்பேட்டனையும் படம் பிடித்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

1971-ல் ஒரு நாள். பதினோரு படம் முடிந்துவிட்டது. வராந்தாவில் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் இப்படிப் பாருங்க."

"எனக்கு எதுக்கும்மா? ஃபிலிம் வீணாப் போகும். புள்ளைக்கு வெச்சுக்கோ."

அவர் நிமிர்ந்தார், நான் அமுக்கிவிட்டேன். இரண்டு வருஷத்தில் அத்தை போய்விட்டார். அவரைத் தனியாக எடுத்த படம் அது ஒன்றுதான். இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

பிறகு கேமராக்கள் மாறின. தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 'யாஷிகா எலக்ட்ரோ 35' வந்தது. வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும். வெளிச்சம் அதிகமானால் சிவப்பு விளக்கு, போதாவிட்டால் மஞ்சள் விளக்கு. ஒரு சுருளில் 36 படம். எண்பதுகளில் கைக்கடக்கமான 'ஹாட் ஷாட்' வாங்கினோம். பிறந்தநாள் விழாக்களில் பளிச் பளிச்சென்று மின்னும். ஆனால் பெரிதாக்கினால் முகமெல்லாம் கரையும். காரணம் பின்னால்தான் புரிந்தது. கிளிக் கேமராவின் நெகட்டிவ் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர் சதுரம். ஹாட் ஷாட்டுக்கோ 13-க்கு 17 மில்லிமீட்டர்தான். பரப்பில் பதினான்கு மடங்கு வித்தியாசம்!

2005-ல் டிஜிட்டல் கேமரா வந்தது. 1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை மூன்றரை கிலோவுக்கு மேல். ஒரு படத்தை கேஸட்டில் பதிய 23 விநாடி பிடித்ததாம். என்னுடையதோ உள்ளங்கையில் அடங்கியது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் மொட்டை என்று நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். எல்லாம் மகனின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. பிரிண்ட் ஒன்றுகூடப் போடவில்லை. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்ற அசட்டை. 2009-ல் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கெட்டது. ஒரு படமும் மீளவில்லை.

பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் பழைய பெட்டியைக் குடைந்தவள் கேட்டாள்: "கொள்ளுப்பாட்டி படம் இருக்கு, அப்பாவோட குழந்தைப் படம் இருக்கு, என்னோடது எங்க பாட்டி?"

என்ன சொல்வேன்? நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கிளிக் கேமராவைத் துடைத்தாள். "இதுக்கு ஃபிலிம் இன்னும் கிடைக்குது பாட்டி. ஒரு ரோல் வாங்கறேன். உங்க ஆவடியைக் காட்டுங்க" என்றாள்.

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினோம். பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. நான் வந்த காலத்து ஆவடி எங்கே? 2019-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸ் பக்கம் போகும்போது கேமராவைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். பழக்கம்!

அங்கிருந்து ஆட்டோவில் பருத்திப்பட்டு ஏரிக்குப் போனோம். கரையைச் சுற்றி நடைபாதை, பூங்கா, படகு. எங்கள் நாளில் வெறும் கரைதான். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயில் காய்ந்தது. அவள் போனில் பத்து தடவை தட்டினாள். கிளிக்கை எடுத்ததும் நின்றாள், யோசித்தாள், குறியைத் திருப்பினாள், பிறகுதான் அமுக்கினாள். பன்னிரண்டுதானே இருக்கிறது!

சகோதரிகளே, என் அனுபவத்தில் சில வார்த்தை. போனில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷத்துக்குப் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்னால் பெயர், ஊர், வருஷத்தைப் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறும். பசை தடவிய ஆல்பம் நாளடைவில் படத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மூலைகளில் செருகும் ஆல்பம்தான் நல்லது. சூடேறும் பரணும் ஓதம் ஏறும் சுவரும் படத்துக்கு ஆகாது. வெள்ளியால் உருவாகும் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒழுங்காகக் கழுவியிருந்தால் நெடுநாள் நிற்கும். பழைய கலர்ப் படத்தின் சாயம் வெளுத்துவிடும். கம்ப்யூட்டரில் இருப்பதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

பதினோரு படம் முடிந்ததும் பேத்தி என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கும்மா? ஃபிலிம் வீணாப்..." என்று ஆரம்பித்தேன். சட்டென்று அத்தையின் குரல் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

சுருளைக் கழுவக் கொடுத்திருக்கிறோம். வந்ததும் இரண்டு பிரதி போடச் சொல்லியிருக்கிறேன்.