தேரி

திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் கோவிலைப் பார்க்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், நேரமிருந்தால் மணப்பாடு போய் மேட்டின் மேல் நிற்கும் சிலுவைக் கோவிலையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். காயாமொழி வழியாகக் குதிரைமொழித் தேரிக்குப் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களும் பெரும்பாலும் காமிராவோடு போகிறார்கள். சினிமாக்காரர்களுக்கு வெகு நாட்களாகவே தெரிந்த இடம் அது. கதாநாயகனைத் துரத்தவோ, கொன்று போடவோ தோதான நிலம் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள்.

சுமார் 12,000 ஏக்கர் செம்மணல். சிவப்பு என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. காலையில் சுட்ட செங்கல். உச்சிவெயிலில் வெளிறி மஞ்சளை நோக்கி நகர்கிறது. மழைக்கு மறுநாள் உறைந்த ரத்தத்தின் கருமை. அள்ளிப் பார்த்தால் பரல் என்னவோ பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துருவாலான மெல்லிய தோல். நிறம் முழுவதும் அந்தத் தோலில் இருக்கிறது. காற்று வரைந்த வரிகளில் கறுப்பாகத் தங்குவது இல்மனைட்.

ஒரு பரல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று அளக்கிற முறை ஒன்று இருக்கிறது. அதை வைத்து இப்பக்கத்துப் பழைய தேரிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணித்திருக்கிறார்கள். இங்கே மனிதன் நேற்று வந்தவனல்ல. ஸாய்னரும் ப்ரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் திருநெல்வேலிச் சீமைத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செதுக்கிய சின்னச் சின்னச் சில்லுகள். நகத்தளவு கல்லுக்குக் கூர் வைத்து, கம்பில் பொருத்தி வேட்டைக்குப் போனவனுடைய கை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது, எனக்குப் பல்லவர் சிற்பங்களின் முன் ஏற்படாத ஒரு கூச்சம் ஏற்படுகிறது. இவனுக்கு ராஜா இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை.

தேரியைத் ‘தமிழ்நாட்டின் பாலைவனம்’ என்று சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. துண்டுப் பிரசுரம் எழுதுகிறவர்கள் சொல்லட்டும், அது அவர்கள் பிழைப்பு. நம் கவிஞர்களும் தேரியைக் கண்டவுடன் ‘பாலை’ என்று எழுதிவிடுகிறார்கள். இதுதான் தாங்கவில்லை. இளங்கோவடிகள் பாலையைத் தனி நிலமாகவே ஒப்பவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து எடுக்கும் வடிவம் அது அவருக்கு. தேரி எதுவும் திரிந்து உண்டானதல்ல. அதுவே ஒரு நிலம். பெய்கிற மழையை ஓடவிடாமல் அப்படியே விழுங்கி அடியில் வைத்துக்கொள்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனால், தேரி நடுவே நல்ல தண்ணீர்ச் சுனையைக் காணலாம். காவலுக்கு ஒரு தெய்வத்தை நிறுத்துமளவுக்கு மதிப்புள்ள தண்ணீர். கண்ணுக்கு வறட்சி, காலடியில் நீர். இதைக் கண்டபின்னும் ஒருவன் பாலை என்று எழுதினால் அவன் தேரியைப் பார்க்கவில்லை, உரைநூலைப் பார்த்திருக்கிறான்.

என்னோடு வந்த ஓவிய நண்பருக்கு வேறு வருத்தம். முந்திரியும் உடையும் பனையும் நட்டு, வனத்துறை தேரியின் பெரும்பகுதியை மூடிவிட்டது. மரமில்லாத மேட்டைத் தேடி ஒரு பகல் முழுவதும் நடந்தோம். ‘ஒரு மகத்தான உருவத்தைப் புதர் வைத்து அழித்துவிட்டார்கள்’ என்று அவர் பொருமினார். எனக்கும் அதில் ஒப்புதல்தான், சாயங்காலம் வரை.

சாயங்காலம், பனையேறி ஓய்ந்த ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நண்பர் தம் குறையைச் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை.

‘ஆடி மாசம் எங்க அய்யா காலத்துல கதவத் தொறக்க ஏலாது தம்பி. சோத்துல மண்ணு, பாயில மண்ணு. ராத்திரி படுத்து எந்திரிச்சா வேலியக் காணாது. தோட்டத்துமேல ஏறி உக்காந்துக்கிடும். யார்ட்ட போய்ப் பிராது கொடுக்க? இப்ப மரம் வந்து மண்ணு நின்னுட்டு. நின்னதுக்கப்புறந்தான ஒங்கள மாதிரி ஆளுக பாக்க வாறீங்க.’

நண்பர் பதில் சொல்லவில்லை. எனக்கும் இருவரையும் சமாதானப்படுத்தும் வாக்கியம் எதுவும் அகப்படவில்லை, இன்று வரை. அழகு என்று நாங்கள் தேடியது நகரும் மணல். அவர் வாழ்நாளெல்லாம் வேண்டியது நகராத மணல். பிரயாணிகளின் ரசனையில் ஒரு குரூரம் இருப்பதாக எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நண்பரின் ஏக்கமும் பொய்யில்லை. வெறும் மேட்டின் விளிம்பில் வெயில் சாய்கிறபோது நிழல் விழுகிற விதத்தை ஒருமுறை பார்த்தவன் முந்திரிக்காட்டில் சந்தோஷமாக நடக்க முடியாது.

போக நினைப்பவர்கள் கார்த்திகை கடைசியில் போங்கள். கற்குவேல் அய்யனார் கோவிலுக்குப் பின்னால் தேரியில் ‘கள்ளர் வெட்டு’ நடக்கும். கள்ளனுக்குப் பதில் இளநீரை வெட்டுகிறார்கள். தண்ணீர் சிதறுகிறது. அது விழுந்த மணலுக்காகக் கூட்டம் பாய்கிறது. வீட்டிலும் வயலிலும் போட்டால் விருத்தி என்கிறார்கள். திரும்புகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், முந்தானை முடிச்சில் ஒரு பிடி மண் வைத்திருந்தாள். சாத்தான்குளம் வரை கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.