லேசாத்தான் வருது ஆச்சி

நான் தண்ணீர் திருடுகிறவன். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில், சாக்கைப் போட்டு மூடிய அரை எச்.பி. மோட்டார் ஒன்று இருக்கிறது. நகராட்சியின் நல்ல தண்ணீர்க் குழாயில் அதை நேரடியாக மாட்டியிருக்கிறேன். பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள். தெரிந்தேதான் செய்கிறேன்.

தாமிரபரணி எங்கள் ஊருக்குக் குழாயில்தான் வருகிறது. வால்வைத் திருகியதும் தெருவின் முதல் வீடுகளில் ஓரளவு வேகமாக விழும், போகப்போக நூலாகிவிடும். எங்கள் வீடு நடுவில். கடைசி வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாததால் வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, சிமெண்டு பூசி, குழாயை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறார். குடம் உள்ளே நிமிர்ந்து நிற்காது. படியில் உட்கார்ந்து, செம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். நான் சுவிட்சைப் போட்டுவிட்டால் அந்தக் குழாயில் காற்றுதான் வரும்.

“ஏய்யா, ஒங்களுக்குத் தண்ணி வருதா?” என்று கேட்பார்.

“லேசாத்தான் வருது ஆச்சி.”

இதைச் சொல்லும் நேரத்தில் எங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

இத்தனை வருஷம் இது என்னை உறுத்தியதில்லை. உறுத்த வைத்தது ரோம். சுற்றுலாக் குழுவோடு போயிருந்தேன். மற்றவர்கள் கடைகளுக்குப் போன மதியத்தில் நான் நீரூற்றுகளைப் பார்க்க நடந்தே கிளம்பினேன். நவோனா சதுக்கத்தில் பெர்னினி 1651-இல் முடித்த நான்கு நதி நீரூற்று இருக்கிறது. அதில் நம் கங்கையும் உண்டு, ஆனால் தாடி வைத்த ஆண்பிள்ளையாக, கையில் துடுப்போடு! ட்ரெவியில் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். 1732-இல் தொடங்கி 1762-இல் முடிந்த பிரம்மாண்டம்; நின்று பார்க்க விடவில்லை, நகர்ந்துவிட்டேன்.

ஸ்பானியப் படிக்கட்டின் அடியில் இருக்கும் பர்காச்சியாதான் என்னை நிறுத்தியது. பாதி மூழ்கிய கல் படகு. பெர்னினியின் அப்பா பியெத்ரோ 1620-களின் கடைசியில் செய்தது. அதற்குத் தண்ணீர் தந்தது கி.மு. 19-இல் அக்ரிப்பா கொண்டுவந்த கன்னி நீர்க் கால்வாய். அந்த இடத்தில் அழுத்தம் மிகக் குறைவு, உயரப் பீய்ச்சாது. அதனால் தொட்டியையே தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். அப்படியானால் இது நம்ம ஆச்சியின் குழிதானே! உலகமே வந்து படமெடுக்கும் அந்தப் படகுக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

ஆறுதலுக்கு, தண்ணீர்த் திருட்டில் எனக்கு முன்னோர் உண்டா என்று தேடினேன், கிடைத்தார்கள். கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃப்ரண்டினஸ், பதவியில் பார்த்ததையெல்லாம் நூலாக எழுதி வைத்திருக்கிறார். தெருவுக்கு அடியில் ரகசியக் குழாய்கள், அனுமதித்த அளவைவிடப் பெரிய மூக்குகள், கையூட்டு வாங்கிக்கொண்டு துளை போட்டுக் கொடுத்த ஊழியர்கள். திருட்டுக் குழாய்களைப் பிடுங்கியபோது ஈயம் ஏராளமாகச் சேர்ந்ததாம். என்னுடையது பிவிசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து ஊரில் என்ன செய்தேன்? டீக்கடையில் உட்கார்ந்து ரோம் நகராட்சியைப் புகழ்ந்து தள்ளினேன். 1874 முதல் அங்கே தெருவோரம் நாசோனி என்ற இரும்புக் குழாய்கள் நிற்கின்றன. ஓயாமல் குடிதண்ணீர் விழும், காசு கிடையாது. முனையை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்ன ஓட்டை வழியே தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம். விரலை மடக்கி நடித்தே காட்டினேன். “நம்ம ஆளுகளுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் வராது” என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களிலும் பாதிப் பேர் வீட்டில் மோட்டார் உண்டு.

ஆச்சியிடம் மட்டும் ரோமைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மோட்டாரைக் கழற்றிவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “எதுத்த வீட்டுக்காரங்க கழத்தட்டும், பெறவு பாப்போம்” என்றாள் மனைவி. நான் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதில் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.