கையெழுத்துக்குப் பின்

தாராவியின் தோல் தொழிலை வேரூன்றச் செய்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பெயர்ந்துவந்த தமிழர்களும் உண்டு. இன்று அங்கே பையும் இடைவாரும் தைப்பவரின் கூலியைத் தொலைதூரத் தீர்வையும் தீர்மானிக்கிறது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம், இந்தியத் தோல் பொருள்கள் மீதான பிரிட்டனின் இறக்குமதித் தீர்வையை நீக்க வழிசெய்கிறது.

ஆனால் கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். காமன்ஸ் அவை எதிர்த்துத் தீர்மானித்தால் ஏற்புறுதி தள்ளிப்போகும். இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவு உடன்படிக்கைகள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளித்திருந்தும், ஏற்புறுதிக்கென அது தனிச்சட்டம் எதையும் இயற்றவில்லை. ஆகவே அரசமைப்பின் 73ஆம் உறுப்பின்வழி ஒன்றிய அரசே முடிவெடுக்கிறது. இந்தியா தரும் தீர்வைச் சலுகையோ 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கையாக வெளிவருகிறது.

இவ்வொப்பந்தத்தால் தாராவிக்கு ஆதாயம் வரலாம். நாளை மற்றொன்று மலிவான இறக்குமதிப் பைகளுக்குக் கதவைத் திறக்கலாம். இரண்டின் மீதும் தாராவி அனுப்பிய உறுப்பினர் வாக்களித்தாக வேண்டிய தருணம் வாராது. ஆதாயத்தின்போது கேளாத கேள்வியை, இழப்பு நேர்ந்தபின் கேட்பதற்கு அவை எங்கே?