ஏழு மணி நேரக் கடற்கரை

என் அப்பா முப்பத்திரண்டு வருஷம் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தவர். தினமும் கடலைப் பார்த்தவர். ஆனால் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. சின்ன வயதில் எங்களை மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போவார். நாங்கள் பழுப்புத் தண்ணீரில் புரண்டுகொண்டிருப்போம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்று விளிம்பில் நின்றபடி தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். வேலைக்காலத்தில் ஒருவர் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்ததைப் பார்த்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார்.

அந்த அப்பா, அறுபத்தேழு வயதில், தொலைக்காட்சியில் பவளப்பாறை மீன்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உண்மையிலேயே இந்தக் கலர்லதான் இருக்குமா?" என்று கேட்டார். நான் வானொலியில் வாய் ஓயாமல் பேசிச் சம்பாதிப்பவள். அன்று பதில் சொல்லாமல் உல்லாசக் கப்பலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன்.

கப்பல் கிள்ளானில் கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிறது. பினாங்கில் மீன் பார்க்கும் எண்ணமே வேண்டாம். மலாக்கா நீரிணையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் கொஞ்சம் பவளம் உண்டு, ஆனால் அங்கும் தண்ணீர் தெளிய அதிர்ஷ்டம் வேண்டும். ஆக, புக்கெட்தான். அங்கே கப்பல் நிற்பது ஏழு மணி நேரம்.

எங்கே போவது? நிகழ்ச்சியில் நேயர்களையே கேட்டேன். தொலைபேசி கொதித்தது. பத்தில் எட்டுப் பேர் பீ பீ தீவு என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரரும் பீ பீ என்கிறார். அழகான இடம்தான். ஆனால் புக்கெட்டின் கிழக்குக் கரையிலிருந்து விரைவுப் படகில் போகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் கப்பலோ மேற்கே, பாத்தோங் வளைகுடாவில் நங்கூரம் போடுகிறது. கப்பலிலிருந்து கரைக்கே சின்னப் படகில்தான் வர வேண்டும். அங்கிருந்து தீவைக் கடந்து கிழக்குக் கரை, அப்புறம் விரைவுப் படகு, திரும்ப அதே வழி. நடுவில் ஒரு இஞ்சின் மக்கர் செய்தால் போதும். கப்பல் நிறுவனமே நடத்தும் பயணத்தில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது. இது எழுதப்பட்ட விதி, கெஞ்சினாலும் மாறாது.

பவளத் தீவு என்று எல்லாரும் சொல்லும் கோ ஹே, சாலோங்கிலிருந்து கால் மணி நேரம்தான். அங்கே கூட்டம் மொய்க்கும். ராச்சா தீவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுவும் விரைவுப் படகுதான். பாத்தோங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரீடம் பீச்சுக்கு நீள்வால் படகில் போகலாம், ஆனால் அலையில் இறங்கி ஏற வேண்டும். அப்பாவின் முழங்கால் ஒப்புக்கொள்ளாது.

கூட்டத்தை நான் தவிர்க்க நினைத்ததற்குக் காரணம் அமைதி விரும்பி என்பதெல்லாம் இல்லை. நாற்பது இளைஞர்கள் படகு விளிம்பிலிருந்து தொப் தொப்பென்று குதிக்கும் இடத்தில் அப்பா மாஸ்க்கையே தொடமாட்டார். தடுமாறுவதைப் பிறர் பார்ப்பது அவருக்கு ஆகாது. அவருக்குத் தேவை இடுப்பளவுத் தண்ணீர், காலுக்கு மணல், பத்தடியில் பாறை, வேடிக்கை பார்க்க ஆள் இல்லாத கரை.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு கிள்ளான் பெரியவர் அழைத்தார். கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்தவராம். "பாப்பா, சத்தம் வேணாம்னா தெற்கே போ. யாநுய்னு கேளு. சின்ன இடம், டெக்சியிலயே போயிடலாம்" என்றார். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நை ஹார்ன் கடற்கரைக்கும் புரோம்தெப் முனைக்கும் நடுவில் கைக்குட்டை அளவு மணல். நடுவில் ஒரு பாறைத் திட்டு அதை இரண்டாகப் பிரிக்கிறது. எதிரே ஒரு குட்டித் தீவு. மீன் பார்ப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தப் பாறையைத்தான். வெறும் மணல் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அங்கே மீனுக்கு என்ன வேலை?

அடுத்து மாதம். நம் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாம் வருஷக் கடைசியில் மழைக்கு மூடிக்கிடக்கும்போது, அந்தமான் கடல் பக்கம் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட்டின் மேற்குக் கரை முழுக்கச் சிவப்புக் கொடி பறக்கும். 2018 ஜூலையில் புக்கெட் பக்கம் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தது அந்தப் பருவத்தில்தான். மலிவு டிக்கெட்டுகளும் அந்த மாதங்களில்தான் வரும். நாங்கள் தைப்பூசம் கழித்துப் போனோம்.

நாளை அப்பாதான் உறுதி செய்தார். "பூசம் பௌர்ணமி. அப்போ பாசாங் சூருட் ரெண்டும் பெருசா இருக்கும். எட்டாம் நாள் தண்ணி ரொம்ப ஏறாது, ரொம்ப வத்தாது. அன்னிக்குப் போனா நல்லது." துறைமுகத்தில் நீர் ஏற்றத்தையும் வற்றையும் மலாயில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்குவதைப் பார்த்தே வேலை செய்தவர். நல்ல வற்றில் இந்த மாதிரிக் குட்டிக் கடற்கரைக்குப் போனால் பவளம் வயிற்றில் உரசும், காலைக் கிழிக்கும், நாமும் அதை உடைப்போம். நான் பத்து நாள் கைப்பேசியில் தேடி எடுக்காத தகவல் இது.

பயிற்சி பிரிக்பீல்ட்ஸில், நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில் நடந்தது. குழந்தைகள் இல்லாத இரவு ஒன்பது மணிக்கு. "என்னாமா இது, மூஞ்சியத் தண்ணிக்குள்ள வச்சிக்கிட்டு மூச்சு விடறதா?" என்றார். இரண்டு நிமிஷத்தில் மாஸ்க் நிறையத் தண்ணீர். குற்றவாளி மீசை! ரப்பர் ஒட்டுகிற இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் கசியும். வாசலின் தடவினோம், கொஞ்சம் குறைந்தது. மூக்குக்குக் கீழே ஒரு நூல் அளவு மழித்தால் போதும் என்றேன். நாற்பது வருஷ மீசை. அம்மா சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

மருத்துவரிடமும் கேட்டோம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். ஆழம் போகக்கூடாது, தனியாக இறங்கக்கூடாது, மூச்சு வாங்கினால் உடனே எழுந்து நிற்க வேண்டும் என்றார். மூச்சுக்குழாயில் மூச்சு விடுவது பார்க்க லேசாகத் தெரியும், வயதான இதயத்துக்கு அது வேலைதான். மிதவைச் சட்டையை நாங்களே எடுத்துப் போனோம்.

பூலாவ் இண்டாவில் கப்பல் ஏறிய மாலை அப்பா மேல்தளத்திலிருந்து நகரவில்லை. பளுதூக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா வந்து இறங்கியபோது இந்தத் துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972இல்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆனது. "அவரு கீழ்த்தட்டுல வந்தாரு, நம்ம பன்னண்டாவது மாடியில போறோம்" என்றார். பிறகு இரவுச் சாப்பாட்டில் பாயசம் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

புக்கெட் காலையில் அப்பா மேசைக்கு வந்தபோது அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. மீசைக்கும் மூக்குக்கும் நடுவில் சுத்தமாக ஒரு வெள்ளைக் கோடு. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பாத்தோங்கில் இறங்கியதும் டாக்சி பேசினோம். போக, காத்திருக்க, வர என்று மொத்தத் தொகை. திரும்பி வந்த பிறகே பணம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், யாநுய்யில் திரும்பி வர வண்டி தேடி நிற்க முடியாது. கரோன், காத்தா வழியாக மலைச்சாலை. முக்கால் மணி நேரம்.

கடற்கரையைப் பார்த்ததும் எனக்குச் சின்ன ஏமாற்றம். சுவரொட்டி அழகு கிடையாது. சாலையோரமே மணல், சில மரங்கள், வாடகைக் காயாக்குகள், மேலே குன்றில் ஒரு காற்றாலை. மொத்தம் இருபது பேர் இருந்திருப்பார்கள். அப்பா கரையை மேலும் கீழும் பார்த்தார். "இது பரவால்ல" என்றார்.

அம்மா மர நிழலில் அன்னாசியோடு உட்கார்ந்துவிட்டார். சூரியத் தைலத்துக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டோம். பவளத்தைக் கெடுக்கும் நான்கு இரசாயனங்கள் கொண்ட தைலங்களைத் தாய்லாந்து 2021இல் தன் கடல் பூங்காக்களில் தடை செய்தது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. யாநுய் பூங்கா இல்லைதான். பவளம் எல்லாம் ஒன்றுதானே. சொறி மீன் பயத்துக்கு ஒரு போத்தல் வினிகரும் பையில் இருந்தது. அது பட்டால் தேய்க்கக்கூடாது, வினிகரை ஊற்ற வேண்டும்.

பாறைத் திட்டின் ஓரமாக நடந்தோம். முழங்கால், தொடை, இடுப்பு. அப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. முதல் தடவை முகத்தை வைத்து, உடனே எடுத்துவிட்டார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது முறை நிமிர்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "போதுமாப்பா?" என்றேன். பதில் இல்லை. அவசரப்படுத்த யாரும் இல்லை, பின்னால் வரிசை இல்லை, விசில் ஊதும் வழிகாட்டி இல்லை. ஐந்து நிமிஷம் அப்படியே போனது. இந்த ஐந்து நிமிஷம் எந்தப் படகுச் சுற்றுலாவிலும் கிடைத்திருக்காது.

அப்புறம் அவராகவே குனிந்தார்.

நானும் பக்கத்தில் முகத்தை வைத்தேன். மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் பத்துப் பதினைந்து எங்கள் கால்களைச் சுற்றி வந்தன. ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்தக் கறுக் முறுக் சத்தம் கேட்கும். மணலில் கடல் அட்டை ஒன்று கிடந்தது. பாறை இடுக்கில் முள்ளெலிகள், கறுப்பு ஊசிக் கட்டுகள் மாதிரி. நான் கையால் தடுத்து அப்பாவை விலக்கினேன். பவளம் பாதி சாம்பல் நிறம்தான். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பக்கம் ஏராளமான பவளம் வெளுத்துப் போனது. தொலைக்காட்சி வண்ணங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்பாவுக்கு அது பொருட்டாகவே தெரியவில்லை. மூச்சுக்குழாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டிலிருந்த பிடி எப்போது விட்டது என்று எனக்கு நினைவில்லை.

மூன்று முறை இறங்கினார், நடுநடுவே ஓய்வு. கரையில் துவட்டிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் மணி ஒன்று நாற்பது. கடைசிப் படகு நான்கரைக்கு. "ராவாய் பக்கம் போய் மீன் சாப்பிட்டுட்டு, ரெண்டே முக்காலுக்குக் கிளம்பினா மூன்றரைக்குப் பாத்தோங். ஒரு மணி நேரம் மிச்சம்" என்றேன், பெரிய திட்டக்காரி மாதிரி. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நீண்ட சேவைக்காக வேலையிடத்தில் கொடுத்த பழைய கைக்கடிகாரம். "மணி ரெண்டு நாப்பது, பாப்பா."

தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகவே தாய்லாந்துக்கு மாறிவிட்டது. கப்பல் மாறவில்லை, அது மலேசிய நேரத்திலேயே இருந்தது. படகு நேரம் எல்லாம் கப்பல் நேரம். முந்தின இரவே அறைக்கு வந்த தாளில் இது கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. ஊடகம் படித்தவள் நான், தாளைப் படிக்கவில்லை. என் திட்டப்படி போயிருந்தால் கடைசிப் படகு புறப்படும் நொடியில்தான் பாத்தோங் வந்து சேர்ந்திருப்போம், அதுவும் சாலையில் நெரிசல் இல்லாமல் இருந்தால்.

நெரிசல் இருந்தது. பாத்தோங் மலை இறக்கத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கப்பல் நேரம் மூன்றே முக்காலுக்குக் கடற்கரை, படகு வரிசையில் வெயிலில் இன்னும் அரை மணி. அன்று மாலை கப்பல் கிளம்பும் முன் ஒலிபெருக்கியில் இரண்டு பயணிகளின் பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அப்பா தேநீரை ஆற்றியபடி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கிள்ளான் வீட்டில், வாசல் பக்கம் மழைக்கோட்டு மாட்டும் ஆணியில் அந்த மாஸ்க் தொங்குகிறது. மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். நாள்காட்டியில் ஒரு தேதிக்கு வட்டம் போட்டிருந்தார்.

"லங்காவியிலேருந்து பாயார் தீவுக்குப் படகு போகுதாமே. அங்க சின்னச் சுறாக்குட்டி எல்லாம் கரைக்கே வருமாம். இது பௌர்ணமி கழிச்சு எட்டாம் நாள். உனக்கு லீவு கிடைக்குமா?"